தாஜ் பாரம்பரிய வழித்தடத் திட்டம்

தாஜ் பாரம்பரிய வழித்தடத் திட்டம் (தாஜ் காரிடார்) என்பது உத்தரப் பிரதேச மாநிலம் ஆக்ராவில், தாஜ் மகாலுக்கும் ஆக்ரா கோட்டைக்கும் இடையே யமுனை ஆற்றங்கரையில் அமைக்கத் திட்டமிடப்பட்டு, இடையிலேயே கைவிடப்பட்ட சுற்றுலா வளாகம் ஆகும். கேளிக்கைப் பூங்கா, வணிக வளாகங்கள், உணவகங்கள் ஆகியவை இதில் இடம்பெறவிருந்தன. மதிப்பீடு 175 கோடி ரூபாய். அவற்றுள் ஒன்றும் கட்டப்படவில்லை.

இடம்

தாஜ் மகாலும் ஆக்ரா கோட்டையும் சுமார் 2.5 கி.மீ. இடைவெளியில், யமுனையின் ஒரே வளைவில் அமைந்தவை. முகலாயர் காலத்தில் இந்நதியின் இருகரைகளிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருந்தன. தாஜ் மகாலும் ஆற்றை நோக்கியே எழுப்பப்பட்டது. அதனால்தான் கல்லறை தோட்டத்தின் நடுவில் இல்லாமல் கரையோரத்தில் நிற்கிறது. எதிர்க்கரையில் மெக்தாப் பாக் என்னும் தோட்டம் உள்ளது. ஔரங்கசீப்பால் 1658 இல் சிறைவைக்கப்பட்ட ஷாஜகான், 1666 இல் இறக்கும் வரை கோட்டையிலிருந்து தாஜ் மகாலைக் கண்டது இந்த ஆற்றுவெளியின் ஊடாகத்தான். வளாகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடமும் இதுவே.

பணியும் நிறுத்தமும்

மாயாவதி முதலமைச்சராக இருந்த 2002 ஆம் ஆண்டில் பணி தொடங்கியது. ஆற்றுப்படுகையில் மண் கொட்டி, சுமார் 75 ஏக்கர் நிலம் உருவாக்கப்பட்டது. நடுவண் அரசு நிறுவனமான தேசியத் திட்டக் கட்டுமானக் கழகம் இப்பணியைச் செய்தது. அதற்கு 17 கோடி ரூபாய் வழங்கப்பட்டது.

தாஜ் மகாலின் ஆற்றுப்புற அடித்தளம் கிணறுகள் இறக்கிக் கட்டப்பட்டது. ஆற்றின் போக்கைச் சுருக்கினால் வெள்ளத்தின் விசை மாறும், எதிர்க்கரையும் அரிக்கப்படலாம், அடித்தளத்தின் ஈரநிலையும் பாதிக்கப்படலாம் என்பது எதிர்த்தவர்களின் கவலை. செய்திகள் வெளியானதும் எதிர்ப்பு வலுத்தது. நடுவண் பண்பாட்டு அமைச்சர் ஜக்மோகனும் எதிர்த்தார். 2003 சூன் மாதம் பணி நின்றது.

வழக்கு

தாஜ் மகாலைச் சுற்றியுள்ள 10,400 சதுர கி.மீ. பரப்பின் மாசு குறித்து எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. 1996 இல் 292 தொழிலகங்களை எரிவாயுவுக்கு மாறவோ இடம்பெயரவோ பணித்ததும் இவ்வழக்கே. அதன் தொடர்ச்சியாகவே, 2003 செப்டம்பரில், வழித்தடத் திட்டம் பற்றி நடுவண் புலனாய்வுச் செயலகம் (சிபிஐ) வழக்குப் பதிந்து விசாரிக்க நீதிமன்றம் ஆணையிட்டது. முன்னதாக ஆகஸ்ட் மாதமே மாயாவதி பதவி விலகியிருந்தார்.

2007 மே மாதம் மாயாவதி மீண்டும் முதலமைச்சரானார். அடுத்த மாதம், தமிழகத்தைச் சேர்ந்தவரான ஆளுநர் டி. வி. ராஜேஸ்வர், அவர் மீது வழக்குத் தொடர இசைவளிக்க மறுத்தார். இதை எதிர்த்த மனுக்களை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2012 நவம்பரில் தள்ளுபடி செய்தது. எனவே குற்றச்சாட்டுகள் மெய்யா பொய்யா என்பது நீதிமன்ற விசாரணையில் முடிவு செய்யப்படவே இல்லை. கொட்டிய மண்ணோ ஆற்றோரத்திலேயே தங்கிவிட்டது. அந்நிலம் நெடுங்காலம் தரிசாகக் கிடந்தது.

ஒப்பிடத்தக்க நிகழ்வு

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1993 நவம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 'டிஸ்னியின் அமெரிக்கா' என்ற வரலாற்றுக் கேளிக்கைப் பூங்காவை அறிவித்தது. அருகில் உள்நாட்டுப் போர்க்களமான மனாசஸ் இருந்ததால் வரலாற்றறிஞர்கள் எதிர்த்தனர். 1994 செப்டம்பரில் நிறுவனம் அவ்விடத்தைக் கைவிட்டது. அங்கு எதிர்ப்பு, மண் வெட்டுமுன் வென்றது.

சட்டத்தின் எல்லை

தாஜ் மகாலும் ஆக்ரா கோட்டையும் 1983 இல் உலகப் பாரம்பரியக் களங்களாகத் தனித்தனியே பட்டியலிடப்பட்டன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் 1992 அறிவிக்கை மூலம் வந்து, 2010 சட்டத் திருத்தத்தில் உறுதியாயின. ஆனால் 2.5 கி.மீ. ஆற்றுவெளியின் பெரும்பகுதி இந்த 300 மீட்டருக்கு வெளியே விழுகிறது. இரு சின்னங்களையும் இணைத்து வைத்திருப்பது அந்த வெளிதான் என்பதைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள சித்தன்னவாசல் குடைவரைக்கும், கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கும் இதே எல்லைகள்தான். சித்தன்னவாசலில் ஓவியக் குகை, சமணர் படுக்கைகள், பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் ஆகியன ஒரே பாறைக்குன்றிலும் அதன் அடிவாரத்திலும் பரவிக் கிடக்கின்றன.