தமிழ்99 கரையேறிய கதை

எந்த விசையைத் தட்டினால் எந்தத் தமிழெழுத்து விழவேண்டும் என்று சொல்லும் சின்னக் கோப்பு அது. அதிலுள்ள விதிகள் பிறந்தது சென்னையில். 1999 பிப்ரவரியில் இங்கே நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது: உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். லினக்ஸுக்குப் புரியும்படி எழுதப்பட்டபின் அது போய்ச் சேர்ந்த வீடு ஜப்பானுடையது. அங்குள்ள ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தில் கெனிச்சி ஹண்டா குழுவினர் உருவாக்கிய எம்17என் என்ற பன்மொழி நிரல் நூலகம். திபெத்தியம், பர்மியம், கெமர் எல்லாவற்றோடும் சேர்த்து லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் தன்னார்வலர்கள் அதை ஒரே பொதியாகக் கட்டினார்கள்.

ஊர் திரும்பும் பயணம்தான் சுவையானது. சென்னை சாந்தோமில் புதிதாக டெபியன் லினக்ஸ் போட்டவர், விண்டோஸ் பழக்கத்தில் பிரவுசரைத் திறந்து டவுன்லோட் பட்டனைத் தேடுவார். தேவையே இல்லை. டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்’ என்று ஒரு வரி போதும். பாஸ்வேர்டு கேட்கும், அடிக்கும்போது பெரும்பாலும் புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு போச்சு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கவலைப்படாமல் அடித்து எண்டர் தட்டலாம். விதிக் கோப்புகள் உள்ள எம்17என்-டிபி பொதியை, பொதிகளை நிறுவித்தரும் நிரலான ஆப்ட் நாம் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும்.

பக்கத்து மிரர் சர்வரில் பொதியின் நகல் இருந்தால் வழி குறுகியது. சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்தால் கடலடிதான். பாரதி நிறுவனமும் சிங்டெல்லும் 2002இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த ஐ2ஐ கேபிள், ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் வந்து கரையேறுவது இந்தச் சாந்தோம் பக்கம். லூப் ரோட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகிறவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

வந்ததை ஆப்ட் அப்படியே நம்பிவிடாது. டெபியன் மின்கையொப்பமிட்ட பட்டியலில் உள்ள ஹேஷோடு ஒத்துப் பார்க்கும். ஒரு பிட் மாறியிருந்தாலும் தள்ளிவிடும். கண்ட தளத்தில் இறக்கியதை இரட்டைக் கிளிக் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். அப்புறம் டீபிகேஜி என்ற நிரல் பொதியைப் பிரித்து, கோப்புகளை அவற்றுக்குரிய ஃபோல்டரில் வைக்கும்.

திரையில் ஒன்றும் மாறாது. லாகவுட் செய்து மறுபடி நுழைந்து, செட்டிங்ஸில் தமிழைச் சேர்க்கவேண்டும். அங்கே போனெடிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர், இலங்கையின் ரெங்கநாதன் எல்லாம் இருக்கும். பலர் போனெடிக்கோடு நின்றுவிடுவதில் எனக்கு வருத்தம்தான். தமிழ்99இல் ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு, புள்ளி தானாக விழும்.