வற்றிய தடாகங்களும் வாடாத நினைவுகளும்

எழுபதுகளிற் பதின்ம வயதினராயிருந்தோர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர். அமெரிக்காவின் மேற்குக் கரையிலே அத்தலைமுறையினர் தமது இளமையைப் பற்றிப் பேச முற்படும்போதெல்லாம் இரு பொருள்கள் தவறாது வந்து நிற்கின்றன. ஒன்று, நான்கு சிறு சில்லுகள் பூட்டிய ஸ்கேட்போட் என்னும் சறுக்குபலகை. மற்றது, மின்கித்தார் முழங்கும் ரொக் இசை. 2001இல் வெளிவந்த 'டொக்டவுன் அன்ட் இஸட்-போய்ஸ்' என்னும் விவரணப் படமும், 2005இல் வெளிவந்த 'லோர்ட்ஸ் ஒவ் டொக்டவுன்' என்னும் கதைப்படமும் இந்த ஏக்கத்தை உலகெங்கும் கொண்டுசென்றன. அக்காலத்தைக் கண்டிராத நாமும், நம்மிடம் பயிலும் மாணவரும், கண்டறியாத ஒன்றுக்காக ஏங்கும்படி அப்படங்கள் செய்துவிடுகின்றன. வெயிலும் கடலும் கித்தார் ஓசையும் ஒன்று சேர்ந்தால் மயங்காதார் யார்? நாமும் மயங்கினோம். மயக்கம் தெளிந்த பின்னரே சில வினாக்கள் எழுந்தன.

டொக்டவுன் என்பது சான்ரா மொனிக்கா நகரின் தென்பாகத்துக்கும் அதனை அடுத்த வெனிஸ் கடற்கரைக்கும் இளைஞர் வழங்கிய பெயர். நாய்ப்பட்டினம் என்பது அதன் பொருள். 1958இல் அங்கே கடலுக்குள் நீண்ட மேடையொன்றின்மீது 'பசிபிக் ஓஷன் பார்க்' என்னும் களியாட்டுப் பூங்கா பெருஞ்செலவில் திறக்கப்பட்டது. 1967இல் அது மூடப்பட்டது. இலாபம் வற்றியதும் முதலாளிகள் அகன்றனர்; எஞ்சியவை உளுத்த மரத் தூண்களும் துருப்பிடித்த இரும்புமே. அத்தூண்களுக்கிடையே எழுந்த அலைகளில், உயிரைப் பணயம் வைத்து, அப்பகுதிச் சிறுவர்கள் அலைச்சவாரி செய்தனர். ஜெவ் ஹோ, ஸ்கிப் எங்புளொம், கிறெய்க் ஸ்ரெசிக் என்னும் மூவர் நடத்திய கடை அவர்களுக்கு ஒதுங்குமிடமாயிற்று. செவ்வையான குடும்பச் சூழல் வாய்க்காத பிள்ளைகள் பலர் அங்கே ஒருவரையொருவர் கண்டெடுத்தனர். அவர்களே பின்னர் 'செவர்' குழுவினர் எனப் பெயர்பெற்றனர். ஜப்பானிற் பிறந்த ஷோகோ குபோவும், ஜப்பானிய வழித்தோன்றலான பெகி ஓக்கி என்னும் பெண்ணும் அவர்களுள் இருந்தனர். பொன்னிறத் தலைமயிருடைய பையன்களின் கதையாகவே இவ்வரலாற்றைக் கண்டு பழகியோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

காலையில் அலை ஓய்ந்ததும் அவர்கள் சறுக்குபலகையை எடுத்தனர். அது புதுப்பொருளன்று. அறுபதுகளின் முற்பகுதியிலேயே அமெரிக்கச் சிறுவர்களை அது ஆட்கொண்டிருந்தது. ஆயின் அன்றைய சில்லுகள் களிமண் கலவையாற் செய்யப்பட்டவை. சிறு கல்லொன்று குறுக்கிட்டாற் போதும், பலகை நின்றுவிடும், ஏறியவன் தூக்கியெறியப்படுவான். நகரசபைகள் பல அதனைத் தடைசெய்தன. 1965இன் இறுதியில் அந்த மோகம் ஏறத்தாழ மடிந்தது. அதனை மீட்டது கலையுமன்று, வீரமுமன்று. ஒரு தொழிற்சாலைப் பொருள். 1970இல் வேர்ஜீனியா மாநிலத்துப் பிளாஸ்டிக் தொழிற்சாலையொன்றில், உருள்சப்பாத்துகளுக்கென வார்க்கப்பட்ட யூரித்தேன் சில்லுகளை பிராங் நாஸ்வேதி என்னும் இளைஞர் கண்டார். அவற்றைப் பலகையிற் பூட்டிப் பார்த்தார். சில்லு தரையைப் பற்றிக்கொண்டது. கல்லை விழுங்கி ஓடியது. 1973 அளவில் 'கடிலாக்' என்னும் பெயரில் அவை விற்பனைக்கு வந்தன. சமுதாய மாற்றங்களுக்குப் பொருளியற் காரணம் தேடுவோரை நையாண்டி செய்யும் நண்பர்களுக்கு இச்சில்லைப் பரிசாக அனுப்பலாம் என நமக்குத் தோன்றுவதுண்டு.

பற்றிப்பிடிக்கும் சில்லு கிடைத்தபின் சரிவுகள் தேவைப்பட்டன. மலையடிவாரங்களை வெட்டிக் கட்டிய சில பாடசாலைகளின் முற்றங்களில், மண் சரியாதிருக்கத் தாரிட்ட சாய்தளங்கள் அமைந்திருந்தன. பையன்கள் வேலியேறிக் குதித்து அவற்றை அலைகளாகப் பாவித்தனர். (வேலியேறி வெளியே ஓடும் மாணவரையே நாம் கண்டிருக்கிறோம். பாடசாலைக்குள் ஓடிவந்தவர்கள் என்பதற்காகவேனும் இவர்கள்மீது நமக்கு ஒரு பரிவு உண்டு.) ஹவாய்த் தீவைச் சேர்ந்த அலைச்சவாரி வீரர் லரி பேட்டில்மன் அலையிற் கைபடியக் குனிந்து திரும்பும் முறையை அவர்கள் தார்த்தரையிலே பயின்றனர். 1975இல் டெல்மாரில் நடந்த தேசியப் போட்டியில், ஏனையோர் நிமிர்ந்து நின்று நடனம்போல் அடிவைக்க, இவர்கள் தரையோடு தரையாய்த் தாழ்ந்து சீறினர். பழைய விதிகளைக்கொண்டு புள்ளியிட வந்த நடுவர்கள் திகைத்தனர்.

அடுத்த ஈராண்டுகளில் வானம் பொய்த்தது. 1976, 1977ஆம் ஆண்டுகளில் கலிபோர்ணியாவைக் கடும் வரட்சி பீடித்தது; தண்ணீர் பங்கிடப்பட்டது. உலகப்போருக்குப் பிந்திய செல்வச் செழிப்பின் சின்னமாக வீடுதோறும் தோண்டப்பட்ட நீச்சல் தடாகங்கள் பல வெறுமையாய்க் கிடந்தன. அப்பகுதித் தடாகங்களின் சுவர் அடியில் வளைந்து மேலே செங்குத்தாய் எழுவது. கீழிறங்கும் வேகத்தை அவ்வளைவு மேலேறும் வேகமாக மாற்றித் தந்தது. வீட்டார் இல்லாத வேளை பார்த்து மதிலேறிப் புகுவர். தேங்கிய நீரை வாளியாலும் பம்பியாலும் இறைப்பர். பொலிஸ் வரும் ஓசை கேட்டதும் பறந்துவிடுவர். செல்வர் குளிக்கத் தோண்டிய குழியில், தடாகம் என ஒன்றைத் தம் வீட்டிற் கண்டறியாத பிள்ளைகள் புதியதொரு கலையைப் படைத்தனர். இதனை மிகைக்கூற்று என எவரும் கருதலாகாது. இன்று ஒலிம்பிக் அரங்கில் உலகம் கண்டு வியக்கும் கிண்ணவடிவக் களங்கள் அந்தத் திருட்டுத் தடாகங்களின் பிரதிகளே.

இனி இசைக்கு வருவோம். 'கிளாசிக் ரொக்' என இன்று வழங்கும் பெயர் எழுபதுகளில் இருந்ததில்லை. எண்பதுகளில், வளர்ந்து உழைக்கத் தொடங்கிவிட்ட அதே தலைமுறையினரின் செவிகளை விளம்பரதாரர்க்கு விற்கும்பொருட்டு வானொலி நிலையங்கள் சூட்டிய பெயர் அது. ஏக்கத்துக்கு இடப்பட்ட விலைச்சீட்டு எனலாம். பையன்கள் அன்று கேட்டது வெறும் ரொக். ஜிமி ஹென்றிக்ஸ், லெட் செப்பெலின், பிளாக் சபத் முதலியோரின் இசை. இவ்விசையும் அச்சறுக்குபலகையைப் போலவே தொழிற்சாலைப் புகையிற் பிறந்தது. பிளாக் சபத் குழுவின் கித்தார்க் கலைஞர் ரொனி அயோமி பேர்மிங்ஹாமில் உலோகத்தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்தவர். பதினேழாம் வயதில் இயந்திரம் அவரது வலக்கையின் இரு விரல் நுனிகளைக் கொய்துவிட்டது. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே. பிளாஸ்டிக் போத்தலொன்றை உருக்கி விரல்களுக்கு உறை செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றின் இறுக்கத்தையும் குறைத்தார். சுருதி தாழ்ந்தது. உலகெங்கும் இளைஞர் தலையசைத்த அந்தக் கனத்த ஓசைக்குள் ஒரு தொழிலாளியின் அறுந்த விரல் இருக்கிறது.

மறைக்கப்பட்ட கைகளும் இருந்தன. லெட் செப்பெலின் குழுவினர் 1969இல் வெளியிட்ட 'ஹோல் லொட்டா லவ்' என்னும் பாடல், கறுப்பினப் பாடலாசிரியர் வில்லி டிக்சன் எழுதி மடி வோட்டர்ஸ் 1962இற் பாடிய பாடலிலிருந்து வரிகளை எடுத்திருந்தது. இசைத்தட்டில் டிக்சனின் பெயர் இல்லை. 1985இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1987இல் வழக்கு நீதிமன்றுக்கு வெளியே தீர்க்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. ஏக்கப் படங்கள் கித்தாரின் முழக்கத்தைக் கேட்கச் செய்கின்றன. மிசிசிப்பியிற் பிறந்த அம்மனிதரை நினைக்கச் செய்வதில்லை.

முற்கூறிய விவரணப் படத்துக்குப் பணம் கொடுத்தது வான்ஸ் என்னும் சப்பாத்துக் கம்பனி. இதனாற் படம் பொய் என்று கொள்ளல் தகாது. அதனை நெறிப்படுத்திய ஸ்ரேசி பெரால்ரா அக்குழுவிலேயே சறுக்கியவர். தோழரின் வீழ்ச்சியை அவர் ஒளிக்கவில்லை. எனினும் எல்லோருக்கும் நினைவு ஒரே விலைக்குப் போகவில்லை. பெரால்ரா 1978இல் பங்காளியொருவருடன் கம்பனி கண்டு செழித்தார். எல்லோரினும் இயல்பான ஆற்றல் பெற்றவர் எனப் போற்றப்பட்ட ஜே அடம்ஸ் அடிதடி, போதைப்பொருள், சிறை என அலைக்கழிந்தார். 2014இல் மெக்சிக்கோவில் ஐம்பத்துமூன்றாம் வயதில் மாரடைப்பால் மாண்டார். 1976 முதல் கட்டணம் அறவிட்டுத் திறக்கப்பட்ட சறுக்குப் பூங்காக்களும், காப்புறுதிச் செலவு தாங்காது எண்பதுகளின் தொடக்கத்திற் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. விற்பனைப் பொருளாகிய நினைவில் இவ்விடிபாடுகளுக்கு இடமில்லை.

ஆயினும் ஒரு தடாகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 1977 அளவில், சான்ரா மொனிக்காவில் வசதியுள்ள வீடொன்றில் ஓர் இளைஞன் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தான். தோட்டத்துத் தடாகத்தை வற்றச் செய்து அந்தப் பையன்களுக்குத் திறந்துவிடுமாறு தந்தையை வேண்டினான். தந்தை மறுக்கவில்லை. ரொனி அல்வா தடாகத்தின் விளிம்பையும் கடந்து பலகையோடு வானிலெழுந்து மீண்ட அந்தப் புகழ்பெற்ற பாய்ச்சல்கள் அங்கேதான் நிகழ்ந்தன. அதுவரை மதிலேறிக் குதித்தவர்கள் அந்த வீட்டுக்கு மட்டும் வாசலால் போனார்கள்.