பக்கவாதமும் வீடியோ கேமும்: ஒரு சின்ன வரலாறு



எங்கள் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இடது கை சரியாக வரவில்லை. ஸ்பாஞ்சுப் பந்து ஒன்றைக் கொடுத்து, தினமும் நூறு தடவை அழுத்தச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். தாத்தா பன்னிரண்டு தடவை அழுத்துவார். பிறகு பந்தைச் சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டு, "போதும்டா" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அழுத்திப் பார்த்தேன், முப்பதாவது தடவையிலேயே வெறுத்துப் போயிற்று!

"வெளிநாட்டில் இதற்கெல்லாம் வீடியோ கேம் கொடுத்து விளையாட விடுகிறார்களாம்" என்று நண்பன் ஒருவன் சொன்னான். உண்மையா என்று தேடப் போய், ஒரு வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் தொடவே இல்லை. படித்ததை எழுதுகிறேன். நான் பி.காம். மாணவன்தான், இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், எதற்கு நூறு தடவை? பக்கவாதத்தில் கெட்டுப் போவது கை அல்ல, கையை ஆட்டுவிக்கும் மூளைப் பகுதி. வளர்ந்தவர்களின் மூளையில் செத்த செல்கள் மீண்டும் முளைக்காது, அதனால் போனது போனதுதான் என்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை பல மருத்துவர்கள் நம்பினார்கள். இதற்கு எதிரான ஒரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1950களின் இறுதியில் நியூயார்க்கில் பெட்ரோ பாக்-இ-ரீட்டா என்ற பேராசிரியருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போயிற்று. மருத்துவம் படித்துக் கொண்டிருந்த மகன் ஜார்ஜ், அப்பாவைக் குழந்தை மாதிரி தவழ வைத்தார், கோலி விளையாட வைத்தார், பலமில்லாத கையால் பாத்திரம் தேய்க்க வைத்தார். பெட்ரோ மறுபடி வகுப்பெடுக்கப் போய்விட்டார்! சில வருடங்கள் கழித்துக் கொலம்பியாவில் மலை ஏறும்போது மாரடைப்பில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், மூளையில் ஏற்பட்ட பெரிய சேதம் அப்படியே இருந்தது. அதாவது சேதம் சரியாகவில்லை, மீதி மூளை அந்த வேலையைக் கற்றுக் கொண்டிருக்கிறது. இன்னொரு மகன் பால் வாழ்நாள் முழுக்க இதைப் பற்றியே ஆராய்ச்சி செய்தார்.

1996-இல் ராண்டால்ஃப் நூடோ குழுவினர் குரங்குகளை வைத்து இதைக் காட்டினார்கள். கைக்கான மூளைப் பகுதியில் சிறு காயம் ஏற்பட்டபின் சும்மா விட்ட குரங்குகளுக்குக் காயத்தைச் சுற்றியிருந்த பகுதியும் கையை மறந்தது. பயிற்சி கொடுத்த குரங்குகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆனால் இந்த மாதிரி விலங்குச் சோதனைகளில் ஒரு நாளில் சில நூறு தடவை அசைக்க வைக்கிறார்கள். மனிதர்களுக்கு? 2009-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சி அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வேளைப் பயிற்சியில் கையை உருப்படியாகப் பயன்படுத்திய அசைவுகள் சராசரி 32! எங்கள் தாத்தாவின் பன்னிரண்டு அவ்வளவு மோசமில்லை :)

ஆக, சிக்கல் மருந்தில் இல்லை, அலுப்பில் இருந்தது. அதைப் போக்கத்தான் கம்ப்யூட்டர் உள்ளே வந்தது.

விர்ச்சுவல் ரியாலிட்டியின் தொடக்கத்துக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமில்லை. 1968-இல் இவான் சதர்லேண்ட் செய்த தலைக்கருவி அவ்வளவு கனம், கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1980களில் ஜேரன் லேனியரின் கம்பெனி, விரல் அசைவை அளக்கும் கையுறையை விற்றது. 1999-இல்தான் எம்.ஐ.டி.யில் மோரீன் ஹோல்டன் குழுவினர் பக்கவாத நோயாளிகள் இருவரைத் திரை முன் உட்கார வைத்த ஆய்வு வெளியானது. ஒரு மெய்நிகர் ஆசிரியர் செய்து காட்டுவார், அதைப் பார்த்துக் கையை நீட்ட வேண்டும். பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரிகோரே புர்டியா குழுவினர் விரல்களை எதிர்த்துத் தள்ளும் காற்றழுத்தக் கையுறை செய்து, திரையில் பியானோ வாசிக்க விட்டார்கள். எல்லாம் ஆய்வுக்கூடச் சாமான், சாதாரண ஆஸ்பத்திரி வாங்கக்கூடியதல்ல.

நிலைமையை மாற்றியது பொம்மைக் கடை. (இங்கேதான் காமர்ஸ் மாணவனுக்கு ஆர்வம் வருகிறது!) 2003-இல் சோனியின் ஐ-டாய் கேமரா வந்தது. 2006-இல் நின்டெண்டோவின் வீ. ரிமோட்டை ராக்கெட் மாதிரி வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். லட்சக்கணக்கில் விற்கும் பொருள் என்பதால் விலை குறைவு, பிசியோதெரபி அறைகளில் நுழைந்துவிட்டது. அளவு மீறி ஆடித் தோள் வலி வாங்கியவரைப் பற்றி 2007-இல் ஒரு மருத்துவ இதழில் கடிதமே வந்தது. டென்னிஸ் ஆடாமலே டென்னிஸ் வலி!

2010-இல் டொரண்டோவில் குஸ்தாவோ சபோஸ்னிக் குழுவினர் 22 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வீ டென்னிஸ், வெங்காயம் உரிக்கும் சமையல் விளையாட்டு. மறுபிரிவுக்குச் சீட்டுக்கட்டு, பிங்கோ மாதிரி சாதாரண விளையாட்டுகள். வீ ஆடியவர்களின் கை கூடுதல் வேகம் பெற்றது. பத்திரிகைகள் கொண்டாடின. அதே குழு பெரிதாகச் செய்து பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. நான்கு நாடுகள், 141 நோயாளிகள், இரண்டு வாரத்தில் பத்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். இரு பிரிவினரும் முன்னேறினார்கள். ஆனால் வீக்கும் சீட்டுக்கட்டுக்கும் வித்தியாசமே இல்லை!

இதைப் படித்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு யோசித்தால், இந்த வரலாற்றிலேயே உபயோகமான செய்தி இதுதான் என்று தோன்றுகிறது. கையைக் கொண்டு வருவது கண்ணாடியோ திரையோ அல்ல, அசைவின் எண்ணிக்கை. 2017-இல் காக்ரேன் அமைப்பு 72 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் ஏறக்குறைய இப்படித்தான் வந்தது. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக வைத்தால் கைக்குப் பெரிய லாபம் இல்லை. அதோடு கூடுதலாகச் சேர்த்துப் பயிற்சி நேரத்தை நீட்டினால் பலன் இருக்கலாம்.

பொம்மைக் கடையை நம்புவதில் வேறு ஆபத்தும் உண்டு. மைக்ரோசாஃப்டின் கினெக்ட் 2010-இல் வந்து முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றது. உடலசைவைக் கேமராவே படிப்பதால் ரிமோட் பிடிக்க முடியாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். 2017-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். விளையாடுகிறவர்கள் வாங்கவில்லை என்றால் நோயாளிகளுக்காக யார் தயாரிப்பார்கள்?

தாத்தாவுக்கு எந்தக் கருவியும் வாங்கவில்லை. டொரண்டோ கதையைச் சொல்லி ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக் கொடுத்தேன். ஸ்பாஞ்சுப் பந்து இன்னும் சோபாவுக்கு அடியிலேயே கிடக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் உட்காருகிறோம். இடது கையில்தான் பிடிக்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. ஏழு சீட்டு வரை விசிறி மாதிரி நிற்கிறது, எட்டாவதை வைத்தால் எல்லாம் சரிந்துவிடுகிறது. ரம்மிக்குப் பதின்மூன்று வேண்டும். இப்போதைக்கு ஏழு சீட்டு ரம்மிதான்.