மூன்று சரக்குக் கசாயம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பல்லேகமவில் வாப்பா சில்லறைக் கடை வைத்திருந்தார். நக்கில்ஸ் மலைப்பக்கத்துச் சிங்களக் கிராமத்தார் இரமுசு வேர்க் கட்டுகளைக் கொடுத்து உப்பும் கருவாடும் வாங்கிப்போவார்கள். நாம் நன்னாரி என்பதே அவர்களுக்கு இரமுசு. கடையில் கருஞ்சீரகமும் இருக்கும். இவ்விரண்டும் ஒரே பானையில் வேகும் என்று அன்று எனக்குத் தெரியாது.

ராத்தாவுக்கு மார்பில் புற்றுநோய் கண்டு, மஹரகமவில் சிகிச்சை தொடங்கிய பிறகு யாரோ அந்தக் கசாயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, இதக் குடிச்சா இனி மஹரகமக்குப் போகத் தேவல்லென்டு செல்றாங்களே, மெய்யா?" என்று கேட்டார். பதில் தேடப்போய்க் கிடைத்ததே இக்குறிப்பு.

சரக்குகள் மூன்று: கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டைக் கிழங்கு. இலங்கையின் பாரம்பரிய வைத்தியக் குடும்பமொன்று இதைப் புற்றுநோயாளருக்குக் கொடுத்து வந்தது. நன்னாரி நம் மண்ணுக்குரியது. கருஞ்சீரகம் மேற்கிலிருந்து வந்தது. மூன்றாவதைத் தமிழ் பறங்கியின் பெயரால் அழைக்க, சிங்களம் 'சீன அல' என்கிறது. இரண்டிலும் வரலாறு உண்டு. சீனக் கிழங்கு 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வணிகத்தில் கிரந்திப்புண் மருந்தாக விலைபோனது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா தா ஓர்த்தாவின் நூலும் அதைப் பேசுகிறது.

சரக்குகள் போலவே வைத்தியரும் கலந்தே இருந்தனர். கண்டி அரசரின் மருந்துச்சாலையில் கோபால முதலியார் பரம்பரை முஸ்லிம் வைத்தியர்கள் பணிபுரிந்ததை லோர்னா தேவராஜா 1994இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார்.

இக்கசாயத்தைக் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். ஈரல் புற்றை உண்டாக்கும் இரசாயனம் கொடுக்கப்பட்ட எலிகளில், புற்றின் முன்னோடி மாற்றங்களை அது குறைத்ததாக 2003இல் எழுதினர். ஆய்வுகூடத்தில் வளர்த்த மனித ஈரல் புற்றணுக்களை அது அழித்ததாக 2005இல் எழுதினர். மதிக்கத்தக்க வேலைதான். ஆனால் எலியும் கண்ணாடித் தட்டும் ராத்தா ஆகா.

"கருஞ்சீரகத்துக்கு ஹதீஸே இருக்கே" என்பார்கள். புகாரியில் இருக்கிறது, மறுப்பில்லை. 'எல்லா நோய்க்கும்' என்ற பொதுச்சொல் குறிப்பிட்ட வகை நோய்களையே கருதும் என்று கத்தாபி போன்ற அறிஞர்கள் விளக்கினர். நோயுற்ற ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களை, ஹாரிஸ் இப்னு கலதா என்ற வைத்தியரிடம் போகச் சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்களே.

ஆஸ்பத்திரி மருந்து மூலிகைக்குப் பகையுமல்ல. வின்கிறிஸ்டின் என்ற ஊசிமருந்து நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை மில்லிகிராம் கணக்கில், நோயாளியின் உடலளவு பார்த்து ஏற்றுகிறார்கள். அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. புற்றுநோய் மருந்துகள் பலவற்றை ஈரலே உடைத்து வெளியேற்றுகிறது. கூடவே குடிக்கும் கசாயம் அந்த வேலையைக் கூட்டலாம், குறைக்கலாம். கூடினால் மருந்து பலிக்காது, குறைந்தால் நஞ்சாகும்.

இதையெல்லாம் ராத்தாவிடம் சொன்னேன். "குடிக்கிறதோ விடுறதோ, டொக்டருக்கு ஒளிக்க வாணாம்" என்றேன். அடுத்த தவணைக்குச் சரக்குப் பொட்டலத்தையே எடுத்துப்போய்க் காட்டினார். ஊசி முடியும்வரை வேண்டாம் என்று பதில் வந்தது. பொட்டலம் அலுமாரியில் இருக்கிறது. ராத்தா ஒரு தவணையும் தவறாமல் மஹரகம போய்வருகிறார்.