இசை கற்ற அரங்க நெறியாளர்: யோவாகிம் ஹெர்ட்ஸ்

ஓபரா எனப்படும் இசைநாடகத்தை அரங்கேற்றுவோர்க்கு இசைக்கல்வி இன்றியமையாததோ என்பது ஆராயத்தக்க வினா. வேறு கலைகளிலிருந்து வந்து இத்துறையிற் சிறந்தோர் உளர். பேர்லினில் புகழ்பெற்ற வால்ட்டர் ஃபெல்சன்ஸ்டைன் நடிகராகத் தொடங்கியவர். பைராய்த்தின் வீலாண்ட் வாக்னர் ஓவியம் பயின்றவர். அங்ஙனமாயின், இசை பயின்று வந்தவரால் விளையும் சிறப்பு யாது? யோவாகிம் ஹெர்ட்ஸின் (1924–2010) பணிவரலாற்றைக் கொண்டு இதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

ஹெர்ட்ஸ் ஜெர்மனியின் திரெஸ்டன் நகரிற் பிறந்து, அங்கேயே இசைக்கல்வி பெற்று, பின்னர்ப் பேர்லினில் இசையியல் பயின்றார். 1953 முதல் 1956 வரை ஃபெல்சன்ஸ்டைனுக்கு உதவியாளராக விளங்கினார். பாத்திரம் ஏன் பாடுகின்றது என்பதற்கு நாடகத்துள்ளேயே காரணம் காட்டல் வேண்டும் என்பது அவ்வாசிரியரின் கொள்கை. மாணவர் அக்கொள்கையை மேற்கொண்டே லைப்சிக் நகருக்குச் சென்றார்.

1959 முதல் 1976 வரை லைப்சிக் ஓபராவின் இயக்குநராக அவர் ஆற்றிய பணி பெரிது. 1960 அக்டோபரில் அங்குப் புதிய அரங்கம், அவர் நெறிப்படுத்திய வாக்னரின் 'மாய்ஸ்டர்சிங்கர்' நாடகத்துடன் திறக்கப்பெற்றது. 1964இல் 'பறக்கும் டச்சுக்காரன்' நாடகத்தைத் திரைப்படமாக்கியபோது, மாலுமியின் கதையைச் செந்தா என்னும் பெண்ணின் கனவாக அமைத்தார். 1973–76இல் 'நீபலுங்கனின் கணையாழி' என்னும் நான்கு நாடகங்களையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாளித்துவ உலகின் சாயலில் அரங்கேற்றினார். இத்தகைய நோக்கிற்கு 1976இல் பைராய்த்தில் பத்ரீஸ் ஷெரோ நிகழ்த்திய அரங்கேற்றத்தையே பலரும் எடுத்துக்காட்டுவர். காலத்தால் லைப்சிக் முற்பட்டது என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தல் தகாது.

இசைக்கல்வியின் பயன் தெளிவுறப் புலப்படும் இடம், 1978இல் வேல்ஸ் தேசிய ஓபராவில் அவர் அரங்கேற்றிய 'மதாம் பட்டர்ஃபிளை' ஆகும். 1904இல் மிலானில் தோல்வியுற்ற அந்நாடகத்தைப் புச்சீனி பலமுறை திருத்தினார். சப்பானியரைப் பிங்கர்ட்டன் இகழும் சொற்கள் முற்பாடத்தில் மிகுதி. திருத்தத்தில் அக்கடுமை குறைந்தது. ஹெர்ட்ஸ் முற்பாடங்களை நாடி, நீக்கப்பட்ட பகுதிகளை மீட்டார். பாடவேறுபாடு ஆராய்தல் பதிப்பாசிரியர்க்குரிய பணி என்பதை நாம் அறிவோம். அதனை அரங்கின்கண் செய்வதற்கு இசைச்சுவடியைப் பயிலும் வன்மை வேண்டும். அவ்வன்மை ஹெர்ட்ஸிடம் இருந்தது.

ஃபெல்சன்ஸ்டைனும் இசைச்சுவடியைப் போற்றியவரே எனச் சிலர் தடை எழுப்பலாம். அது மெய்யே. ஆதலின், இசைக்கல்வி ஒன்றே நெறியாளரை ஆக்கும் என யாம் கூறவில்லை. சுவடியின் வரலாற்றையும் நாடகச் சான்றாகக் கொள்ளும் துணிவை அது தரும் என்பதே எம் கருத்து.

1976 முதல் 1981 வரை பேர்லினில் ஆசிரியரின் அரங்கிற்கே தலைமை தாங்கிய ஹெர்ட்ஸ், பின்பு பிறந்த நகருக்கு மீண்டார். 1945 பிப்ரவரி 13ஆம் நாள் இரவுக் குண்டுவீச்சில் அழிந்த செம்பர் ஓபரா அரங்கம், 1985இல் அதே நாளில் மீளத் திறக்கப்பெற்றது. அன்று நிகழ்ந்தது அவர் நெறிப்படுத்திய, வெபரின் 'ஃப்ரைஷ்யூட்ஸ்'. போர்க்காலத்தில், 1944இல், அவ்வரங்கம் மூடப்படுமுன் இறுதியாக ஆடப்பெற்றதும் அந்நாடகமே. அறுபட்ட மரபு அறுபட்ட இடத்திலேயே மீண்டும் தொடங்கியது எனலாம்.