எண்ணிப் போட்ட தையல்



நம்ம கூட்டமைப்பு விழாவுக்காகத் தரமணியில் எங்கள் குழு ஒரு பெரிய கிராஸ் தையல் படம் போட்டுக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். மேட்டி துணியில் அகலம் 200 கட்டம், உயரம் 150 கட்டம். மொத்தம் 30,000 கட்டம். கட்டத்துக்கு இரண்டு தையல். இன்றுவரை 19,400 கட்டம் முடித்திருக்கிறோம்.

நடுவில் ஒரு தப்பு நடந்துபோச்சு. ஒரு வரிசை ஒரு கட்டம் தள்ளிப் போனதை பதினோரு நாள் கழித்துத்தான் பார்த்தோம். "விடுக்கா, சுவத்துல மாட்டினா யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் ஒருத்தி. யார் எண்ணினது என்று சத்தம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எண்ணினது நான்தான்.

அந்த வாரம் ஒரு கைவினைக் கண்காட்சியில் நீலகிரித் தோடர்களின் சால்வையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பூத்துக்குளி என்று பெயர். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். அது கிராஸ் தையல் இல்லை. ஆனால் அதுவும் எண்ணிப் போடுவதுதான். தோடர் பெண்கள் துணியில் படம் வரைவதில்லை, அச்சு வைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார்கள். துணியைத் திருப்பினேன். பின்பக்கமும் ஒழுங்காக இருந்தது. இரண்டு பக்கமும் போர்த்திக்கொள்ளலாமாம். எனக்குச் சுருக்கென்றது.

2013-இல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இது தோடர்களின் வேலை என்று அரசுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. பிரான்சில் உள்ள பேயோ என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் ஒரு தையல் துணி சுமார் 70 மீட்டர் நீளம். 11-ஆம் நூற்றாண்டு வேலை. 1066-இல் நடந்த போரின் கதை அதில் இருக்கிறது. ராஜாக்கள் பெயரைத் துணியிலேயே தைத்திருக்கிறார்கள். ஊசி பிடித்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

நம்ம கதையும் ஒரு காலத்தில் அப்படித்தானே? அரிசி டப்பாவில் போட்டு வைத்த காசுக்குக் கணக்கு ஏது, பேர் ஏது? 1989-இல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி இணைப்புத் திட்டம் கொண்டுவந்தது. அதற்கப்புறம்தான் நம்மில் பலருடைய பேர் ஒரு நோட்டில் ஏறியது, பக்கத்தில் நம்ம கையெழுத்தும் விழுந்தது. வரவு செலவில் ஒரு ரூபாய் இடித்தாலும் நாம் விடுவதில்லை. அப்படியிருக்க, ஒரு கட்டத்தை மட்டும் எப்படி விடுவது?

அடுத்த கூட்டத்தில் எழுந்து, "தப்பு என்னுடையதுதான்" என்றேன். யாரும் திட்டவில்லை. ஒரு அக்கா கத்தரியை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 1,300 கட்டத்தைப் பிரித்தோம். போட்டதைவிடப் பிரிப்பதுதான் கஷ்டம். கத்தரி பட்டால் துணியே போய்விடும்.

அன்றிலிருந்து தையலுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, யார் போட்டது, எத்தனை கட்டம், சரிபார்த்தது யார். படத்தோடு அந்த நோட்டும் விழா மேசையில் இருக்கும்.

இன்னும் 10,600 கட்டம் பாக்கி. சாயந்திரத்தில் வந்து உட்காருங்கள். ஊசியும் நூலும் நாங்கள் தருகிறோம். பேரை மட்டும் நீங்களே எழுதுங்கள்.