55ஆம் எண் சாலை: பிரேசர் மலைக்குப் போற வழியில் என்னவெல்லாம் நடந்திருக்கு?

வார இறுதியில் பிரேசர் மலைக்குக் கார்ல போறவங்க பெரும்பாலும் கோல குபு பாருவைத் தாண்டித்தான் போவாங்க. வளைவு மேல வளைவு. இருபக்கமும் காடு. இன்று கிராமப்புறச் சாலை போலத் தெரியும் இது, ஒரு காலத்தில் சிலாங்கூரிலிருந்து பகாங்கிற்குப் போகும் முக்கிய வழி.

எங்கிருந்து எங்கே?

சிலாங்கூரின் கோல குபு பாருவில் தொடங்கி, மலையேறி, 'கேப்' என்ற இடத்தில் மாநில எல்லையைக் கடந்து, பகாங்கில் ரவூப் அருகே தெரானும் வரை போகிறது. மாநிலச் சாலைகளின் எண்ணுக்கு முன் ஓர் எழுத்து வரும்: சிலாங்கூருக்கு B, பகாங்கிற்கு C. 55க்கு முன் எழுத்து இல்லை. காரணம், இது கூட்டரசுச் சாலை.

ஏன் போட்டாங்க?

1898இல் கோல லிப்பிஸ் பகாங்கின் தலைநகரானது. அந்த ஊரை மேற்குக் கரையோடு இணைக்க மலையைக் கடக்கும் சாலை தேவைப்பட்டது. பிறகு 1915இல் பெந்தோங் வழிச் சாலையும், 1970களில் காராக் நெடுஞ்சாலையும் வந்தன. பெரிய வாகனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. அதனால்தான் 55 இன்னும் குறுகலாகவே இருக்கு.

ஊரே இடம் மாறியது

1883 அக்டோபர் 29ஆம் தேதி பழைய கோல குபுவின் அணை உடைந்தது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் உயிரிழந்தார். அந்த இடத்தின் பெயர் இன்றும் அம்பாங் பெச்சா, அதாவது 'உடைந்த அணை'. பிறகும் வெள்ளம் விடவில்லை. 1930 வாக்கில் மேட்டுப் பகுதியில் புது ஊர் எழுந்தது. பெயரிலுள்ள 'பாரு' என்றால் 'புதிய'.

2000களின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்றில் கட்டப்பட்ட அணை சாலையையும் மாற்றியது. கெராச்சி, பெரேத்தாக் கிராமங்களின் தெமுவான் பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்தை விட்டு இடம்பெயர வேண்டியிருந்தது.

1951: வளைவில் ஒரு தாக்குதல்

அவசரகாலம். அக்டோபர் 6, சனிக்கிழமை. பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, மனைவியுடன் பிரேசர் மலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். கேப்பை நெருங்கும் ஒரு வளைவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பதுங்கியிருந்து சுட்டார்கள். காரிலிருந்து இறங்கி நடந்த கர்னி கொல்லப்பட்டார். மனைவி உயிர் தப்பினார். அவரைக் குறிவைத்த தாக்குதல் அல்ல, தற்செயலாக நடந்தது என்று கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் பின்னாளில் சொன்னார். காடு ஒட்டிய குறுகிய வளைவு, பதுங்குவதற்கு வசதியாக அமைந்தது.

கேப்பிலிருந்து மேலே?

கேப்பிலிருந்து பிரேசர் மலைக்குப் பிரியும் பழைய சாலை சுமார் 8 கிலோமீட்டர். ஒரே நேரத்தில் ஒரு திசைக்குத்தான் இடம். அதனால் நேரம் பிரித்து, வாயிற்கதவு வைத்து, ஏறுபவர்களை ஒரு முறை, இறங்குபவர்களை ஒரு முறை விட்டார்கள். இறங்குவதற்கு 2000களில் புதுச் சாலை வந்தது. ஆனால் மண்சரிவால் அது மூடப்பட்டபோது, மறுபடியும் பழைய முறைதான்.

கிளம்புமுன் கவனிங்க

மழைக்காலத்தில் மண்சரிவு பற்றிய அறிவிப்பைப் பாருங்க. மலை மேல பெட்ரோல் நிலையம் கிடையாது. கோல குபு பாருவிலேயே நிரப்பிக்கோங்க. வளைவுகளில் முந்தாதீங்க. எதிரே வருபவருக்கும் அதே குறுகிய சாலைதான்.